முன்சக்கரத்துச் சத்தம்

அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது வண்டி நின்றுகொண்டிருந்தபோதா, உருட்டியபோதா என்பது இப்போது சரியாக நினைவில்லை. நின்றபோது என்றுதான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். நின்றபோது கேட்டது வேறு சத்தமாகவும் இருக்கலாம். நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில் சத்தம் வருவது அதிசயமில்லை. எலி கூடு கட்டும், ரப்பர் காய்ந்துபோகும், திருகாணிகள் துருப்பிடிக்கும். பலநாள் பேசாமலிருந்த மனிதன் வாய் திறந்தாலும் முதலில் தொண்டை கரகரக்கத்தான் செய்கிறது.

என் பெயர் பெரியநாயகம். பாப்பிரெட்டிப்பட்டியில் மாவு மில் வைத்திருக்கிறேன். கேழ்வரகு, அரிசி, மிளகாய் எல்லாம் அரைக்கிறோம். மில்காரனுக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். பேரிங் போவதற்கு முன்னால் ஒரு சத்தம் கொடுக்கும், பெல்ட் அறுவதற்கு முன்னால் இன்னொன்று. அந்த இரைச்சலுக்குள்ளேயே நின்று பழகியதில், சேராத சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்கும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். மெக்கானிக் முனிராஜே சிலரை அனுப்பிவைப்பான். "எங்க தட்டுதுன்னு அண்ணன் சொல்லட்டும், அப்பறம் ஸ்பேனர நான் புடிச்சிக்கறன்" என்பான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அமலன் ஏன் என் வார்த்தையை நம்பினான் என்பது விளங்க வேண்டும்.

அமலன் என் தங்கை ஜெயராணியின் கணவன். அவர்களுடைய கல்யாணத்துக்கு நாங்கள் சீராகக் கொடுத்த மோட்டார் பைக் அந்த வண்டி. அவன் அதைப் பசுமாட்டைப் போல வைத்துக்கொண்டான். மழை வந்தால் தான் நனைவான், வண்டிக்குச் சாக்கு போர்த்துவான். குவைத்துக்கு வேலைக்குப் போகிற சமயத்தில், அதை எங்கே விடுவது என்பதுதான் அவனுக்குப் பெரிய கவலையாக இருந்தது. மில்லுக்குப் பின்னால் மூட்டைகள் அடுக்கும் அறையில் இடம் இருக்கிறது, அங்கே நிறுத்து என்றேன்.

கிளம்புவதற்கு முதல் நாள், என் வீட்டிலிருந்த அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் முழங்காலிட்டு வாய்விட்டே வேண்டினான்.

"அந்தோணியாரே, நல்லபடியா திரும்பி வந்தன்னா, பொண்டாட்டி புள்ளையோட இதே வண்டியில மொதல்ல உங்க கோயிலுக்குத்தான் வருவன். அதுவரைக்கும் இதுல ஒருத்தரும் ஏறி ஓட்ட மாட்டாங்க."

பின்னால் நின்ற ஜெயராணி, "வண்டிக்குத் தொணைக்கு அந்தோணியார விட்டுட்டுப் போறாரு. எனக்குத் தொணை யாருன்னு கேட்டுச் சொல்லுண்ணா" என்று சிரித்தாள்.

"உனக்குத்தான் மச்சான் இருக்காங்களே" என்றான் அமலன். சாவியைச் சுரூபத்தின் பாதத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "நீங்கதான் மச்சான் சாட்சி."

நான் ஆமென் என்றேன்.

எங்கள் பக்கம் நேர்ந்துவிட்ட பொருளுக்கு ஒரு மரியாதை உண்டு. நேர்ந்த ஆட்டை விற்க மாட்டார்கள். அது அடுத்தவன் காட்டில் மேய்ந்தால்கூடக் கல்லெடுத்து எறிய மாட்டார்கள். அந்த வண்டியும் அப்படி ஆகிவிட்டது. கூலிக்கு வருகிற பெண்கள் அதன்மேல் கூடையைக்கூடச் சாய்க்கவில்லை.

நான் ஓட்டினேன்.

எப்போது தொடங்கியது என்று சொல்வது கடினம். மின்சாரம் நிறுத்தும் நாட்களில் மில் ஓடாது. அன்று காலையில் எழுந்தால் காதுக்குள் ஒரு பெரிய வெற்றிடம் இருக்கும். எனக்கு அது பிடிக்கும். நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தோடு எங்காவது போய் உட்கார வேண்டும் என்று தோன்றும். என்னிடம் இருந்த மொபெட் மேடு ஏறாது. பக்கத்திலுள்ள சித்தேரி மலைக்குப் போனால் தெரிந்த முகங்கள். அதனால் தர்மபுரியைத் தாண்டி வத்தல்மலைக்குப் போனேன். ஹெல்மெட் போட்டவனை யாரும் அடையாளம் காண மாட்டார்கள். மேலே ஒரு பாறை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாயங்காலம்வரை படிப்பேன். பல நாள் படிக்காமலும் இருப்பேன். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. திரும்பி வந்ததும் வண்டியைத் துடைத்து, தார்ப்பாயைப் பழைய மடிப்பு மாறாமல் போர்த்தி, சாவியைச் சுரூபத்தின் காலடியில் வைத்துவிடுவேன். ஓடிய தூரம் மீட்டரில் ஏறாமலிருக்க, கிளம்பும் முன்பே முன்சக்கரத்தில் சேரும் மீட்டர் கேபிளைக் கழற்றிவிடுவேன். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. யோசித்தபோது தானாக வந்தது.

ஒரு நாள் மலைமேல் முன்சக்கரத்தில் முள் ஏறிவிட்டது. சக்கரத்தை நானே கழற்றி, கீழே போகிற காய்கறி வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு போய்ப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்தேன். மாட்டும்போது இரண்டு தவறுகள் நடந்தன. அச்சு நட்டு கழலாமல் பிடித்துக்கொள்ளும் சிறிய பின் ஒன்று உண்டு, அது புல்லுக்குள் விழுந்துவிட்டது. தேடினேன், கிடைக்கவில்லை. பின் இல்லையே என்ற பயத்தில் நட்டை அளவுக்கு மீறி இறுக்கினேன். ஸ்பேனர்மேல் ஏறி நின்றே இறுக்கினேன். சட்டென்று அது இளகியது. உள்ளே மரை சீவிப்போய்விட்டது, இனி எவ்வளவு திருகினாலும் இறுகாது. வழியில் கிடந்த கட்டுக்கம்பியைப் பின்னுக்குப் பதிலாக நுழைத்து முறுக்கிவிட்டு, மெதுவாக ஓட்டி ஊர் வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு அந்த வண்டியை நான் தொடவில்லை. இதை எனக்குச் சாதகமாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

புது அச்சும் நட்டும் வாங்கி மாட்ட வேண்டும் என்று தெரியும். மாட்டலாம் என்றுதான் இருந்தேன். மழைக்காலம் வந்தது, போனது. மூட்டை அறையில் ஈரம் அதிகம். தார்ப்பாய்க்குக் கீழே அந்தக் கம்பியை நான் போய்ப் பார்க்கவில்லை.

அமலன் ஜூன் மாதத்தில், அந்தோணியார் திருவிழாவை ஒட்டி வந்தான். பெட்டியைப் பிரிக்கும் முன்பே மில்லுக்கு வந்து தார்ப்பாயை எடுத்தான். தூசியின்மேல் விரலால் சிலுவை போட்டான். "அப்பிடியே இருக்கு மச்சான்" என்றான். மீட்டரைக் குனிந்து பார்த்தான். சந்தேகத்தில் பார்க்கவில்லை. பிள்ளையின் உயரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். குவைத்தில் அவனோடு ஒரே அறையில் இருந்தவன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனானாம். அதே சாரத்தில் நின்ற தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றான். "இந்த நேர்த்திதான் மச்சான். இங்க நீங்க வாக்கக் காப்பாத்துனீங்க, அங்க அவரு என்னக் காப்பாத்துனாரு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். அந்த வார்த்தைக்குப் பிறகு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தோன்றியது.

முனிராஜ் வந்து ஆயில் மாற்றினான், புது பேட்டரி போட்டான். இஞ்சின் ஓடியதும் எங்கிருந்தோ கடகடவென்று ஒரு சத்தம்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்றனுங்க" என்றான் முனிராஜ்.

"ஐயோ, ஏறிடாத முனிராஜு. நேர்ந்து வெச்ச வண்டி. கோயிலுக்குப் போற வரைக்கும் நானே ரோட்டுல ஓட்டக் கூடாது."

"ஓட்டாம எப்படிங்க சத்தம் தெரியும்? டாக்டரு புடவைக்கு மேல ஊசி போட்ட கதையா இருக்குது."

"அதுக்குத்தான் மச்சான் இருக்காங்களே."

இந்த நேர்த்தி மட்டும் இல்லாமலிருந்தால் முனிராஜ் கடைவீதிவரை போய்த் திரும்பியிருப்பான். பிரேக் பிடித்த முதல் இடத்திலேயே அவனுக்கு விளங்கியிருக்கும்.

நான் ஒரு மரக்குச்சியின் ஒரு முனையைக் காதோடு வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் கேட்டேன். டேங்க் இல்லை. செயின் மூடி இல்லை. டூல் பாக்ஸ் இல்லை. ஈரச் சாக்கை மடித்துச் சைலன்சரின் தகட்டுமேல் அழுத்தியதும் சத்தம் அடங்கியது. திருகாணி துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. முனிராஜ் புதிது போட்டு முடுக்கினான். "அண்ணன் காதுக்கு ஒரு மாலை வாங்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான்.

அதற்குப் பிறகு அமலன் வண்டியை மில் முற்றத்தில் கையால் உருட்டிப் பார்த்தான். முன்பிரேக்கைப் பிடித்தான். டொக் என்றது. பின்னுக்குத் தள்ளிப் பிடித்தான். மறுபடியும் டொக். சின்னச் சத்தம்தான், கதவுக்கு வெளியே யாரோ விரல் மடக்கித் தட்டுவதுபோல.

"மச்சான், முன்னாடி ஒண்ணு தட்டுதே."

நான் குனிந்தேன். கம்பி இருந்த இடத்தில் துருவின் பழுப்புக் கறை மட்டும் இருந்தது. நட்டின்மேல் விரலை வைத்தேன். என் விரலோடு சேர்ந்து சுற்றியது.

"பிரேக் ஷூ காஞ்சு கெடக்குது மாப்ள. ஓட ஓட பதமாயிடும்" என்றேன்.

அவன் இன்னொரு முறை உருட்டினான். "எனக்கென்னமோ வித்தியாசமா கேக்குது. முனிராஜ வரச் சொல்லட்டுமா?"

"நான் பாத்துட்டன்ல."

"நீங்க பாத்தாச் சரி மச்சான்" என்றான். ஆனாலும் முகம் தெளியவில்லை. மில்லை ஒட்டிய என் வீட்டுக்குள்ளிருந்து ஜெயராணி சாப்பிடக் கூப்பிட்டாள். "சாப்ட்டு வந்து ஒருக்கா பாக்கறன். அப்பவும் தட்டுச்சுன்னா அவனக் கூட்டியாந்துரலாம். புள்ள ஏறுற வண்டி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

அவன் சாப்பிடுகிற நேரம்தான் எனக்கு இருந்தது. அந்த நேரத்துக்குள் அச்சு மாற்ற முடியாது. பிரேக் தட்டு, சக்கரத்தைத் தாங்கும் முன்ஃபோர்க்கில் உட்காருகிற இடத்தில் சின்ன இடைவெளி இருக்கிறது. சக்கரம் ஆடும்போது அங்கேதான் இடிபடும், சத்தம் அங்கிருந்துதான் வரும். பழைய மில் பெல்ட்டிலிருந்து ஒரு துண்டு நறுக்கி, கிரீஸ் தடவி, அந்த இடைவெளிக்குள் திணித்தேன். வெளியே தெரியாதபடி பிசிறை வெட்டினேன். நட்டைக் கையால் ஆனமட்டும் திருகி, அதன்மேலும் கிரீஸ் பூசினேன். நல்ல வேலைப்பாடு. உருட்டிப் பிரேக் பிடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

அவன் வந்து உருட்டினான். முன்னுக்கும் பின்னுக்குமாகப் பலமுறை உருட்டினான். சிரித்தான். "என்னா பண்ணீங்க?"

"கொஞ்சம் கிரீஸ் விட்டன்."

இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். நட்டைக் கெடுத்தது தவறுதலாக நடந்தது. பின் தொலைந்ததும் தவறுதல்தான். கம்பியைத் தின்றது துரு. இவற்றிலெல்லாம் என் பங்கு ஒரு சாதாரண மனிதனின் பங்குதான். அந்தச் சத்தம் மட்டும் அவனுக்கு உதவியாக இருந்தது. அது இருந்திருந்தால் அவன் வண்டியை எடுத்திருக்க மாட்டான். அந்தச் சத்தத்தைத்தான் நான் எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை, திருவிழாப் பூசைக்குக் கிளம்பினோம். கோவில் மஞ்சவாடிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற இடத்தில் இருக்கிறது. அமலன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முன்விளக்குக்கு மேலே மல்லிகைச் சரம் சுற்றியிருந்தான். மகள் சுபா டேங்க்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஜெயராணி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறப் போனாள்.

"நீயும் பாப்பாவும் என்கூட பஸ்ல வந்துருங்க ஜெயா" என்றேன்.

"ஏண்ணா? நேர்த்தியே மூணு பேரும் போறதுதான."

"கணவாய்ல லாரி ஜாஸ்தி. மாப்ள வண்டி ஓட்டி நாளாச்சு. கோயிலுக்குத் திரும்புற எடத்துல பஸ்ஸ விட்டு எறங்கி, அங்கிருந்து மூணு பேரும் ஏறிக்கங்க. வாசலுக்குச் சேந்து போனா சரிதான."

சுபா அழுதாள். "நான் அப்பாகூடத்தான் வருவன் மாமா." நான் அவளைத் தூக்கி இறக்கினேன். கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தாள், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அமலன் சிரித்தான். "சாமிகிட்டயே சட்டம் பேசறாங்க உங்கண்ணன். செரி, வாங்க, அங்க நின்னு காத்துட்டிருக்கன்." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். "பூ மாதிரி இருக்குது மச்சான் வண்டி. ஒரு சத்தம் இல்ல."

அவன் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன். மாப்ள, நில்லு என்று கூப்பிடும் தூரம்தான். கூப்பிட வேண்டும் என்று நினைத்தேனா, நினைத்ததாகப் பிற்பாடு சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை.

பஸ்ஸில் சுபா ஜன்னலோரம் கேட்டாள். நான் தரவில்லை. நானே ஜன்னலோரம் உட்கார்ந்து அவளை உள்பக்கம் உட்காரவைத்தேன். ஜெயராணி, "கொழந்தகூடப் போட்டி போடறியேண்ணா" என்றாள்.

கணவாயில் இறங்கும்போது பஸ் மெதுவாகி நின்றது. முன்னால் லாரிகள் நின்றிருந்தன. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, யாரோ பைக்குக்காரன் தடுப்புச் சுவரில் மோதிவிட்டான் என்றார். ஜெயராணி, "ஐயோ பாவம், அந்தோணியாரே" என்று நெற்றியில் சிலுவை வரைந்தாள். அது யார் என்று அவளுக்கு அப்போது தெரியாது. பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் இறங்கி நடந்தேன்.

சுவரோரம் அமலன் மல்லாந்து கிடந்தான். இரண்டு பேர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை. கண் திறந்திருந்தது, மூச்சு இருந்தது. வண்டி கொஞ்சம் தள்ளிக் கிடந்தது. முன்சக்கரம் ஃபோர்க்கைவிட்டு ஒரு பக்கம் கழன்று, மடங்கிய கால்போல நின்றது.

நான் முதலில் வண்டியிடம் போனேன். குனிந்து, ஃபோர்க்கின் இடுக்கிலிருந்து அந்த ரப்பர் துண்டை இழுத்தெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகுதான் அவனிடம் போனேன். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அவன் நான் செய்ததைப் பார்த்தானா என்று தெரியாது. அவன் முகம் வண்டி இருந்த பக்கம்தான் திரும்பியிருந்தது.

"சத்தமே வரல மச்சான்" என்றான்.

குற்றம் சொல்கிற குரலில்லை. எனக்கு ஒரு தகவல் தருகிறவன்போலச் சொன்னான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் மூச்சும் நின்றது.

போலீஸ் வண்டியைப் பார்க்க முனிராஜைத்தான் கூப்பிட்டார்கள். நட்டில்லாத அச்சைப் பார்த்துவிட்டு, "நிறுத்தி வெச்ச வண்டிங்க, துரு தின்னுருச்சு. ஓட்டிப் பாக்க விட்டிருந்தா கண்டுபுடிச்சிருப்பன்" என்று சொல்லி அழுதான். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் ஜெயராணி ஒன்றையே சொன்னாள். "அண்ணன் வாயில அந்தோணியாரே வந்து பேசுனாரு. இல்லாட்டி நானும் எம்புள்ளையும் அந்த எடத்துலயே போயிருப்போம்." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

அடுத்த தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பிறர் பொருளைக் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தினேன், அதை மறைக்க ஒரு பொய்யும் சொன்னேன் என்றேன். சாமியார் ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். அதோடு தீர்ந்துவிட்டதாகச் சில மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியில் சக்கரம் ஆடுவது தெரியும், கழன்றுவிடும் என்று தெரியாது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிவந்தேன். கழன்றுவிடும் என்று தெரியாதவன் குழந்தையை ஏன் இறக்கினான்? தங்கையையும் அவள் பிள்ளையையும் பஸ்ஸில் ஏற்றி, நேர்த்திக்காரனை மட்டும் தனியே அனுப்பினேன். பாறைமேல் உட்கார்ந்து புத்தகம் படித்தது ஒருவனுக்கும் தெரியக்கூடாது என்பதற்காக அமலனைக் கொன்றேன். இதை இப்படி ஒரே வாக்கியமாக எழுதிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அமலனை எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். வண்டியைப் போலீஸ் திருப்பித் தந்தபோது, கண்ணில் படவே கூடாது என்று ஜெயராணி சொல்லிவிட்டாள். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். முனிராஜ் மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் காவலாளியாக இருக்கிறான், அந்தச் சாவு தன் கையால் வந்தது என்று இன்னும் நம்புகிறான். சுபா பள்ளிக்கூடம் போகிறாள். பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம் உட்கார மாட்டாள். ஜெயராணி அவளோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். மில்லில் கேழ்வரகு புடைக்கிறாள், மூன்று பேருக்கும் சமைக்கிறாள். பிள்ளைக்கு வைப்பதற்கு முன்னால் எனக்குத்தான் சோறு போடுகிறாள். நான் சாப்பிடுகிறேன்.